படி தாண்டின அப்பம்

பிள்ளையின் முதல் தவழலுக்கு என்ன விலை? எம். புதுப்பட்டியில் ஒரு தட்டு அப்பம். தவழ்ந்து வாசற்படி தாண்டிவிட்டால் அப்பம் சுட்டு அக்கம்பக்கம் கொடுத்தாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தத் தட்டோடு வந்தவள் பக்கத்து வீட்டுப் பாண்டிமீனா. பெத்தணனும் பெஞ்சாதி பஞ்சம்மாளும் பட்டாசுக் கம்பெனிக்குப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவளும் அவள்தான்.

"படி தாண்டின அப்பம்ணே. அடுப்புல எண்ணெய் காயுது" என்று ஓடிவிட்டாள்.

பெத்தணனுக்கு வயிறு எரிந்தது. அவள் புருஷன் கண்ணுச்சாமி வண்டி வாங்கினான், பொறுத்துக்கொண்டான். கலர் டிவி வாங்கினான், அதையும் பொறுத்துக்கொண்டான். இப்போது அவன் மகள் எழில் படியும் தாண்டிவிட்டாளா? கண்ணுச்சாமியின் மீசை எந்த உயரத்தில் நிற்குமோ!

"நம்ம விக்னேஷ்குமாரும் இன்னைக்கே தாண்டுறான்!"

"எட்டு மாசப் புள்ளையப் பாடாப் படுத்தாதீக. அப்பத்தத் தின்னுங்க" என்றாள் பஞ்சம்மாள்.

"அந்த வீட்டு அப்பம் எனக்குத் தொண்டையில இறங்காது."

அப்பம் கோழிக்குப் போயிற்று.

பிள்ளையைக் குப்புறப் போட்டான். வீடு இரண்டாகிற அழுகை. எட்டத்தில் கிலுகிலுப்பையை வைத்தான். பயல் இரு கையையும் ஊன்றினான், உந்தினான், பின்னாலேயே போய்க் கட்டிலுக்கடியில் மாட்டிக்கொண்டான்.

"முன்னால வாலே!"

தானே மண்டிபோட்டுத் தவழ்ந்து காட்டினான் பெத்தணன். முட்டி உரிந்தது, இடுப்பு பிடித்துக்கொண்டது. பயல் சிரித்துவிட்டு இன்னும் உள்ளே போனான்.

"ரெண்டு பேருல யார முதல்ல இழுத்து விடணும்?" என்றாள் பஞ்சம்மாள்.

லாரிக்கு லோடு ஏற்றிப் பழகிய மூளை அப்போதுதான் வேலை செய்தது. முன்னால் ஏறாத வண்டியை ரிவர்சில் ஏற்று! பிள்ளையின் முதுகை வாசல் பக்கம் திருப்பி வைத்துக் கிலுகிலுப்பையை ஆட்டினான். அதைப் பிடிக்க உந்த உந்தப் பயல் பின்னாலேயே போய், படியில் கால் இறங்கி, வாசலுக்கு வந்துவிட்டான்.

இடுப்பைப் பிடித்தபடி பெத்தணன் தெருவுக்கே கேட்கக் கத்தினான்.

"எம் மகனும் தாண்டிட்டான்! பின்னால போனாலும் படி படிதான்!"

பாண்டிமீனா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"இதென்னண்ணே புதுசா? நேத்து எங்க வீட்டுப் படியவும் உங்க பய இப்பிடித்தான தாண்டினான்! தாண்டின படி யாருதோ அவுகதான அப்பம் சுடணும்? எங்க எழில் எங்க தாண்டுனா? அவ கவுந்தா அவிக்கிற கொழுக்கட்டையே இன்னும் எங்க கணக்குல பாக்கி!"