மருமகள் ஏற்றும் லோடு

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் நலம். அங்கும் நலம் என்றே நம்புகிறேன். சோதனைச் சாவடியில் லாரிகளை நிறுத்தியே ஓய்வு பெற்ற எனக்கு எதையும் நம்பிப் பழக்கமில்லை என்றாலும், உங்களுக்காக நம்புகிறேன்.

விஷயம் இதுதான். உங்கள் மகள் தினமும் விடியற்காலையில் ஓடிப்போகிறாள். பதற வேண்டாம், காலைச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துவிடுகிறாள். நெடுந்தூர ஓட்டக்காரி என்று சொல்லித்தான் பெண் கொடுத்தீர்கள், அதில் குறை இல்லை. அவள் சாப்பிடுவதுதான் கணக்கில் வரவில்லை. என் மகன் சாயங்காலம் ஜிம்முக்குப் போகிறான், டப்பாவில் வரும் பொடியைக் கலக்கிக் குடிக்கிறான், சட்டை தோளில் இறுக்குகிறது. உள்ளே போனது எங்கே என்று கண்ணால் பார்க்கலாம். உடம்பு வளர்க்கிறவனுக்குத் தீனி வேண்டும், சரி. ஓடி ஓடி உடம்பைத் தேய்க்கிறவளுக்கு எதற்கு? அவனைவிட இரண்டு மடங்கு சோறு, அதற்குமேல் உருளைக்கிழங்கு, வாழைப்பழம். ஆளோ ஈர்க்குச்சி மாதிரி. சரக்கு எங்கே இறங்குகிறது? என் வீட்டுக்காரியிடம் கேட்டால், "பொண்ணு சாப்பிடுற தட்டைப் போய் எட்டிப் பாக்குறீங்களே, கண்ணு பட்டுடும்," என்கிறாள். இவளும் உடந்தை என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

இப்படி இருக்கையில், புதன்கிழமை அவள் பயிற்சியாளரோடு போனில் பேசியது என் காதில் விழுந்தது. தானாக விழவில்லை, நான்தான் காதைக் கதவருகே கொண்டுபோய் வைத்திருந்தேன். "சரி சார், இன்னிக்கே லோடிங் ஆரம்பிச்சிடுறேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள ஃபுல்லா ஏத்திடலாம்," என்றாள். சம்பந்தி, லோடு என்றால் என்னவென்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வைக்கோலுக்கு அடியில் என்னென்னவோ வந்த லாரிகளைப் பார்த்தவன். ஞாயிற்றுக்கிழமை தேர்வுப் போட்டி, ஜெயித்தால் தேசிய அணி என்பதெல்லாம் மேலே போட்ட தார்ப்பாய் என்று முடிவு கட்டினேன். அன்றே அரிசி, கிழங்கு, பழம் எல்லாவற்றையும் பறிமுதல் செய்து என் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். இப்போது வீட்டில் எல்லோருக்கும் அளவுச் சாப்பாடு. நேற்று ஓடப் போனவள் பாதி வழியிலேயே வண்டி பிடித்துத் திரும்பினாள். குட்டு உடைந்த பயம்தான், வேறென்ன? நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, விசாரித்து, கொஞ்ச நாள் அவளை உங்களோடு அழைத்துப் போகவும்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் எல்லோரும் சந்தேகத்துக்கு இடமின்றி நூறாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பி.கு.: கூரியர் உறையை ஒட்டப் போகும்போது மருமகள் என் அறை வாசலில் வந்து நின்றாள். ஏன் ஒளித்து வைத்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மாமா, பசிக்குது. போட்டிக்கு முன்னாடி வயிறு நிறையச் சோறு சாப்பிட்டுச் சேத்து வச்சுக்கிறதுதான் லோடிங். அத்தனை தூரம் ஓட அதுதான் பெட்ரோல். வேற ஒண்ணும் இல்ல," என்றாள். என் சாவடியில் எந்த டிரைவரும் இவ்வளவு நேராகப் பதில் சொன்னதில்லை. உங்கள் பெண் என் வீட்டில் பசி என்று நின்றது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஜிம்முக்குப் போகிறவனும், "அப்பா, எனக்கும் லோடிங்," என்று தட்டோடு வந்தான். நீ போகிற ஒரு மணி நேரத்தில் பாதி கண்ணாடி முன்னால், உனக்கு எல்லோரும் சாப்பிடுகிற சாப்பாடே தாராளம் என்று அனுப்பிவிட்டேன். வேறு தாள் இல்லாததால் இதையே அனுப்புகிறேன். மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம். பெண்ணை அழைத்துப் போக வர வேண்டாம், ஓட்டம் பார்க்க வாருங்கள். அவள் இப்போது மூன்றாவது தட்டு சாப்பிடுகிறாள். நான்தான் பரிமாறுகிறேன்.