மிக்ஸி இருந்த இடத்தில் ரூட்டர்

சாயங்காலம் ஆறே கால் மணிக்கு, நாலாயிரத்து அறுபது பாட்டுகளையும் ஊர் விட்டு ஊர் பாடவைத்தே தீருவேன் என்று கத்திரி சபதம் எடுத்தான்.

கத்திரி என்பது நான்தான். நாளிதழில் செய்திகளை வெட்டிச் சுருக்குகிற வேலை. முக்கால் பக்கத்தை மூன்று வரி ஆக்குவேன். மூன்று வரியைத் தலைப்பு ஆக்குவேன். பெயர் வைத்தவர்கள் நிருபர்கள். அன்பால் வைத்தார்கள் என்று சொல்ல முடியாது.

வீட்டிலும் நான் வெட்டித்தான் பேசுகிறேன் என்பது என் மனைவியின் புகார். அவள் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். ரத்தம் எடுப்பதில் பேர்போனவள். அங்கே ஊசி குத்தியதே தெரியாமல் எடுப்பாள். வீட்டில் ஊசியே இல்லாமல் எடுப்பாள்.

அந்த ஆஸ்பத்திரி தூரத்து ஊர் ஒன்றில் கிளை திறந்தது. லேபை நிலைநிறுத்த ஆறு மாதத்துக்கு இவளை அனுப்பினார்கள். லேப் நிமிர்கிறவரை லீவு என்ற பேச்சே எடுக்கக் கூடாது. எங்கள் பத்திரிகையில் லீவு என்ற பேச்சு எப்போதுமே கிடையாது. ஆகவே ஃபோன்தான்.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன்."

"சாப்டியா?"

"சாப்டேன்."

"சரி, வச்சிடறேன்."

"ஏங்க, இருங்க. எதாவது பேசுங்களேன்."

"அதான் பேசியாச்சே."

"பேசல. தலைப்பு போட்டீங்க."

முதல் வாரம் முழுவதும் இப்படியே போனது. வாரக் கடைசியில் அவள் சொன்னாள். "இங்க ரூம் ரொம்ப அமைதியா இருக்குங்க. காதுல பஞ்சு வச்ச மாதிரி இருக்கு. நம்ம வீட்டுப் பாட்டு இருந்தாக்கூடத் தேவல."

வேறு கணவனாக இருந்தால் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசியிருப்பான். நான் சபதம் எடுத்தேன்.

எந்தப் பாட்டும் எந்த ஃபோனிலும் கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கும். எங்கள் வீட்டுப் பாட்டு கிடைக்காது. வீட்டிலிருந்த கேசட்டுகளை நான் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது ஒரு தவறு நடந்தது. டேப் ரிக்கார்டரையும் கம்ப்யூட்டரையும் ஒயரால் இணைக்க வேண்டுமாம். எனக்கு அது தெரியாது. டேப் ரிக்கார்டருக்கு எதிரே ஒரு மைக்கை வைத்தேன், மந்திரியிடம் பேட்டி எடுப்பதுபோல. பாட்டோடு சேர்ந்து வீடும் பதிவாகிவிட்டது. பல்லவியில் குக்கர் விசில் அடிக்கும். சரணத்தில் மிக்ஸி ஓடும். ஒரு காதல் பாட்டில், பாடகி உருகி உருகி 'வாராயோ' என்று இழுக்கும் இடத்தில், "ஈரத்துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது?" என்று என் மனைவி நுழைவாள். தாளத்தில் கச்சிதமாக விழுந்திருக்கும்.

ஊரார் எழுதியதில் ஒரு காற்புள்ளியைக்கூட விட்டுவைக்காத நான், இதில் ஒன்றையும் வெட்டவில்லை. ஏன் என்று அவள் கேட்டபோது சோம்பல் என்று சொல்லிவிட்டேன்.

இனி வேலை. பாட்டு எல்லாம் இங்கே கம்ப்யூட்டரில். அவள் அங்கே ஃபோனைத் தொட்டால் இங்கிருந்து பாட்டு போக வேண்டும். அதற்கென்று ஒரு மென்பொருள் இலவசமாகக் கிடைத்தது. கம்ப்யூட்டரை ரூட்டரோடு ஒயரால் கட்ட வேண்டும். எங்கள் வீட்டில் இன்டர்நெட் ஒயர் வருவது சமையலறை ஜன்னல் வழியாக. அங்கே உருப்படியான ப்ளக் பாயின்ட் ஒன்றே ஒன்று. அது மிக்ஸியுடையது.

அவள் ஊரில் இல்லாத தைரியத்தில் மிக்ஸியைப் பரணில் ஏற்றினேன். அந்த இடத்தில் ரூட்டரைக் குடிவைத்தேன். கம்ப்யூட்டர் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. ஹாலுக்குப் போய் ஆபீஸ் லேப்டாப்பில் தட்டிப் பார்த்தேன். பாடியது. குக்கர் விசிலோடு பாடியது.

வெற்றிச் செய்தியோடு பால்கனிக்கு ஓடினேன். எங்கள் வீட்டில் ஃபோன் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் பால்கனி என்பது என் நம்பிக்கை.

"கேக்குதா?"

"என்னது?"

"பாட்டு!"

"பாட்டா? நீங்க மூச்சு வாங்கறதுதான் கேக்குது."

மாடியில் குடியிருக்கும் பல் டாக்டரிடம் போனேன். வீடும் கிளினிக்கும் அவருக்கு மாடியிலேயே. ஓய்வு நேரத்தில் இந்த மாதிரி பெட்டிகளைக் குடைவது அவர் பொழுதுபோக்கு. என்னை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்துத்தான் விளக்கினார்.

"சார், ரூட்டர் ஒரு வாட்ச்மேன் மாதிரி. உள்ள இருக்கறவங்க தாராளமா வெளிய போய் வரலாம். ஆனா வெளியில இருந்து புதுசா யார் வந்தாலும் விரட்டிடுவாரு. உங்க மேடத்தோட ஃபோன் வந்து கதவத் தட்டுது. அவர் விரட்டறாரு."

"என் பொண்டாட்டிய விரட்டறதுக்கு அவன் யாரு?"

"நீங்க சொல்லி வைக்கல, அதான். இந்த நம்பரைச் சொல்லிட்டு யாராவது வந்தா நேரா சமையலறைக் கம்ப்யூட்டர்கிட்ட அனுப்புன்னு சொல்லணும். அந்த நம்பர்தான் போர்ட். அனுப்பி வைக்கறதுதான் போர்ட் ஃபார்வர்டிங்."

"நான் ஹால்ல பாத்தப்போ வந்துச்சே டாக்டர்?"

"வீட்டுக்குள்ள இருந்து பாத்தா வாட்ச்மேனைத் தாண்டவே வேண்டாமே சார். வாயைத் திறக்காமலே பல்லு நல்லாருக்குன்னு சொல்ற மாதிரி அது. வெளியில இருந்துதான் சோதிக்கணும்."

என் ஃபோன் பட்டன் ஃபோன். பேசும், மணி காட்டும், டார்ச் அடிக்கும். பாடாது. ஆகவே சோதனைக்கு இரண்டு பேர். தூரத்து ஊரில் மனைவி, மாடியில் டாக்டர். அவர் வைஃபை வேறு என்பதால் அவரும் வெளியாள் கணக்குத்தான். இரண்டு பேருக்கும் விலாசமும் பாஸ்வேர்டும் கொடுத்தேன்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஓட்டம்தான். சமையலறையில் ஒன்றை மாற்றுவேன். பால்கனிக்கு ஓடுவேன். "கேக்குதா?" என்பேன். "கேக்கல" என்பாள். மறுபடி சமையலறை.

வாட்ச்மேனிடம் நம்பரைச் சொல்லி வைத்தேன். கேக்கல. பார்த்தால், கரண்ட் போய் வந்ததில் ரூட்டர் கம்ப்யூட்டருக்குப் புது விலாசம் கொடுத்திருந்தது. பழைய விலாசத்தில் இப்போது குடியிருந்தது பிரிண்டர். என் மனைவி பாட்டு கேட்டுப் பிரிண்டரின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டருக்கு நிரந்தர விலாசம் எழுதிக் கொடுத்தேன். அப்போதும் கேக்கல.

இன்டர்நெட் கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். ஒரு பெண் மிகுந்த பொறுமையோடு சொன்னாள். "உங்களுக்குன்னு வெளி விலாசமே இல்ல சார். உங்க தெருவுக்கே பொதுவா ஒண்ணுதான்." அதாவது தெருமுனையிலேயே இன்னொரு வாட்ச்மேன். தனி விலாசம் வேண்டும் என்று கெஞ்சினேன். கொடுத்தார்கள்.

அன்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இனித் தடை எதுவும் இல்லை. பால்கனிக்கு ஓடவில்லை, நடந்தே போனேன்.

"இப்பப் பாரு. கேக்குதா?"

பதில் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"கேக்கலங்க."

"உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"மூக்கடைப்பு."

மாடிக்குப் போனேன். யாரிடமோ "சரிங்க மேடம்" என்று சொல்லி முடித்த டாக்டர், ஃபோனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "வரல சார்" என்றார்.

விடவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கம்ப்யூட்டர் அணைந்து எழ வேண்டும். அதுவோ வயசான கம்ப்யூட்டர், மெதுவாகத்தான் எழும். அதுவரை ஃபோனைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்க முடியுமா? பேசினோம். அவள் ரூமில் ஒழுகும் குழாயைப் பற்றிச் சொன்னாள். ரத்தத்தைப் பார்த்தாலே மயங்கி விழும் புது மேனேஜரைப் பற்றிச் சொன்னாள். நானும் பதிலுக்கு எதாவது சொல்ல வேண்டியிருந்தது. கண்காட்சியைத் திறந்துவைத்த மந்திரியின் படத்துக்குக் கீழே, காணாமல்போன எருமையின் அடையாளங்கள் அச்சானதைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் கம்ப்யூட்டர் எழுந்து காத்திருந்ததையே மறந்தேன். ஒரு நாள் நான் மட்டுமே அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். ஒரு வரி வெட்டவில்லை.

நடுவில் ஒரு நாள் போர்ட் நம்பரையே மாற்றிப் பார்த்தேன். உடனே அவளுக்குப் பதற்றம்.

"அதை ஏங்க மாத்தறீங்க? நேத்து வச்சிருந்த நம்பரே இருக்கட்டும்."

"நேத்தும்தான் கேக்கலயே?"

"கேக்கலதான். ஆனா இன்னைக்குக் கேக்காததுக்கு, நேத்துக் கேக்காதது பரவால்ல."

லேபில் இருப்பவள், துல்லியமாகச் சொல்வாள் என்று பழைய நம்பரையே வைத்தேன். அந்த நாட்களில் இன்னொன்றையும் கவனித்தேன். டாக்டரின் கிளினிக்கிலிருந்து படியிறங்கும் நோயாளிகள் என்னைப் பார்த்ததும் சிரித்தார்கள். புதுப் பல் கட்டியவர்கள் அதைக் காட்டத்தானே செய்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பால்கனிக்குக் கூரை பாதிதான். சிக்னல் வருவது மீதிப் பாதியில்.

"என்னங்க சத்தம்?"

"தும்மல்."

"எத்தனை நாளா?"

"மூணு."

"சளி வெள்ளையா, மஞ்சளா?"

"சாம்பிள் அனுப்பவா?"

"மழையில நின்னுட்டா பேசறீங்க?"

"உள்ள சிக்னல் இல்லையே. அதை விடு, கம்ப்யூட்டர் எழுந்துடுச்சு. கேக்குதா?"

"முதல்ல தலையைத் துவட்டுங்க."

"துவட்டறேன். கேக்குதா, இல்லையா?"

"துண்டு கட்டில்லதான் கிடக்கும், ஈரத்தோட. அந்தப் பாட்டுல நான் அவ்வளவு கத்தியிருக்கேன், உங்ககிட்ட இருந்து ஒரு பதில் இல்ல. ஒரு இருமல் மட்டும் வருது. நேத்துகூடக் கேட்டேன், அப்பவே உங்களுக்கு நெஞ்சுல..."

நிறுத்திவிட்டாள்.

வாய்தவறி வந்த வார்த்தையை உடனே பாய்ந்து பிடிக்கக் கூடாது என்பது பத்திரிகையில் முதல் பாடம். பிடித்தால் ஆள் அதற்கப்புறம் வாயைத் திறக்க மாட்டார். நான் ஈரத்தில் நின்று கணக்குப் போட்டேன். பாட்டு போகிறது. எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. மூக்கடைப்பு என்று அவள் சொன்ன அன்றைக்கே. கேட்கிறது என்று அவள் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? 'சரி, வச்சிடறேன்' என்றிருப்பேன். நாலாயிரம் பாட்டு அவளிடம் இருந்திருக்கும். நான் மறுபடி தலைப்புக்குப் போயிருப்பேன்.

"கேக்கலன்னா பரவால்ல," என்றேன். "நாளைக்கு வேற மாதிரி பாக்கலாம்."

"பாக்கலாம்," என்றாள். "பாத்ரூம் ஜன்னல்கிட்ட ஸ்டூல் போட்டு உக்காருங்க. அங்கயும் சிக்னல் வரும்."

அதற்கப்புறம் நான் ரூட்டரைத் தொடவே இல்லை. தினமும் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, "கம்ப்யூட்டர் எழுந்துட்டிருக்கு" என்று பொய் சொல்வேன். நம்பிக்கை வருவதற்காக நடுநடுவே எழுந்து போய் ஒரு பாத்திரத்தை உருட்டுவேன். முடிவில், "கேக்குதா?" என்பேன். "கேக்கல" என்பாள். இடைப்பட்ட நேரத்தில் உலகத்தையே பேசி முடிப்போம். கல்யாணமான நாளிலிருந்து, அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது அப்போதுதான். ஆபீசில் தலை நிமிர்ந்து நடந்தேன். ஒரு நிருபரின் செய்தியை வெட்டாமலே அனுப்பினேன். அவர் பயந்துபோய் எனக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

லேப் நிமிர்ந்தது. அவள் திரும்பி வந்தாள். பெட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, மாதக்கணக்கில் காத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

"உண்மையைச் சொல்லு. கேட்டுச்சுதான?"

"கேட்டுச்சு."

"எனக்குத் தெரியும்! அக்டோபர்லயே தெரியும். அன்னைக்கு மழையில வாய்தவறி உளறிட்ட."

அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள். ரிப்போர்ட்டை நோயாளியிடம் பக்குவமாகச் சொல்வாளே, அந்தப் பார்வை.

"நானா உளறினேன்? மூணு நாளா மழையில நின்னு தும்மறீங்க. 'கேக்குது'ன்னு சொன்னா ஃபோனை வச்சிடுவீங்க. 'கேக்கல'ன்னு சொன்னா மழையில ஓடிட்டே இருப்பீங்க. வேற என்ன பண்றது? உங்களுக்கே தெரியற மாதிரி ஒரு வார்த்தைய நழுவ விட்டேன்."

"அப்ப எனக்குத் தெரிஞ்சது உனக்கு..."

"மறுநாள்ல இருந்து போர்ட் நம்பரைப் பத்தி ஒரு பேச்சு இல்ல. வெறும் பாத்திரத்தை உருட்டறீங்க. எது எவர்சில்வர், எது அலுமினியம்னு எனக்கு அங்க இருந்தே தெரியாதா?"

அவளே கிட்டே வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. அப்படியும் கையை எடுக்கக் கொஞ்சம் தாமதித்தாள்.

"நல்லாப் பேசறீங்க," என்றாள். "தெரிஞ்சிருந்தா முன்னாடியே ஊருக்குப் போயிருப்பேன்."

அது பிப்ரவரி ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை. சமையலறைக்குள் போனவள், ரூட்டரின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுப் பரணிலிருந்த மிக்ஸியை இறக்கிச் சொருகினாள். மாடியிலிருந்து பல் டாக்டர் கையுறையோடு இறங்கி வந்து, கிளினிக்கில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஏன் நின்றுவிட்டது என்று கேட்டார்.