அகல டயரும் என் பௌதிகமும்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு, இன்றும் குறையவில்லை. ஆனால் பி.எஸ்ஸி. பௌதிகம் இரண்டாம் ஆண்டு படித்தபோது இருந்த பெருமையைச் சுமக்கத் தனி வண்டியே வேண்டியிருந்திருக்கும். வீட்டில் ஒரு வண்டி இருந்தது. அதைத்தான் கெடுத்தேன்.

தோளில் அடிபட்டு வலை இழுக்க முடியாமல் போனதும், அப்பா தன் வள்ளத்தை விற்றுப் பழைய பிக்கப் ஒன்றை வாங்கியிருந்தார். கரையில் இறங்கும் இறாலைத் தூத்துக்குடியில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனிக்குக் கொண்டுபோவது வேலை. வருஷம் முழுக்க எங்கள் வண்டியையே வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்க, கம்பெனி மேனேஜர் ஒரு சனிக்கிழமை வருவதாக இருந்தது. அவர் வேண்டாமென்றால் வண்டியையும் விற்க வேண்டிவரும். அப்பா அந்தத் தோளோடு அடுத்தவர் வள்ளத்தில் ஏற வேண்டியதுதான்.

தார் ரோட்டுக்கும் கரைக்கும் நடுவே இருநூறு கஜம் மணல். சக்கரம் புதையும் இடத்தில் அம்மாவும் என் அண்ணன் சூசையும் பனையோலைப் பாயை விரிப்பார்கள். வண்டி கடந்ததும் அதே பாயைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடி மறுபடியும் விரிப்பார்கள். (ஏசு வந்த பாதையில் ஓலை விரித்ததை ஊரெல்லாம் வருஷத்தில் ஒருநாள் குருத்தோலை ஞாயிறாகக் கொண்டாடும், எங்களுக்கு அது தினமும் நடந்தது.) மேனேஜர் முன்னால் இப்படி ஓலை விரிப்பதை நினைத்தாலே எனக்குக் கூசியது.

"அழுத்தம்னா எடையைப் பரப்பால வகுக்கணும்ப்பா. டயரு அகலமா இருந்தா மணல்ல புதையாது" என்றேன்.

"ஏளா, பாயும் அகலந்தானே?" என்றான் அண்ணன்.

அந்தக் கேள்விக்குள் முழுப் பௌதிகமும் இருந்தது. கேட்டவன் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன் என்பதால் எனக்கு அது காதில் ஏறவில்லை. அப்பா மட்டும், "புள்ள படிச்சிருக்குல்லா, சரியாத்தான் சொல்லும்" என்றார்.

புதுத் துறைமுக வேலையில் ஓடிக் கழிந்த அகல டயர்கள் பழைய சாமான் கடையில் கிடைத்தன. கல்லூரி ஸ்கேலை எடுத்துப்போய் நானே அளந்தேன். டயரின் உள்வட்டம் பதினாறு அங்குலம். எங்கள் ரிம்மும் பதினாறு. இதற்குமேல் என்ன வேண்டும்?

டயர் கடை அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "வட்டம் சரிதான் தாயி. ரிம்மு ஒடுக்கமால்லா இருக்கு? இம்புட்டு அகல டயரு அதுல பிடிச்சு நிக்காது."

"காத்தடிச்சா பிடிச்சுக்கும் அண்ணாச்சி. நான் பௌதிகம் படிக்கேன்."

"அப்படியா? நான் பஞ்சர் படிச்சிருக்கேன்."

நான்கையும் மாட்டிக் கொடுத்தார். ஸ்டெப்னியை மட்டும் தொட மறுத்துவிட்டார். "அது பழசாவே கெடக்கட்டும். தேடுவீய."

வெறும் வண்டியை மணலில் நேராக ஓட்டிப் பார்த்தோம். புதையவில்லை. நான் பின்னால் நின்றபடி கரைக்கே கையசைத்தேன்.

சனிக்கிழமை காலையில் மேனேஜர் வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்டில் வந்து அப்பா பக்கத்தில் அமர்ந்தார். பின்னால் ஐஸ் போட்ட இறால் பெட்டிகளுக்கு நடுவே அண்ணனும் நானும். மேனேஜர் தலைக்குப் பின்னால் திறந்திருந்த ஜன்னல் வழியாக அவருக்கு அழுத்தத்தைப் பற்றி ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டே வந்தேன். பாரத்தில் வண்டி தாழ்ந்து, டயர் மட்கார்டில் உரசி, ரப்பர் கருகும் நாற்றம் கிளம்பியது.

"என்ன வாடை இது?" என்றார் மேனேஜர்.

"கடல் காற்று சார்" என்றேன்.

பாதித் தூரத்தில் சக்கரம் புதைந்தது. (குறுகிய ரிம்மில் டயர் நடுவில் புடைத்துக்கொண்டதால், மணலைத் தொட்டதே பழைய டயர் அளவுதான் என்பது பிறகு தெரிந்தது.) நான் விடவில்லை. "காத்தைக் குறைச்சா இன்னும் அகலமாகும்!" என்று கத்தினேன். அண்ணன் இறங்கி நான்கிலும் காற்றை இறக்கினான். வண்டி நகர்ந்தது! சரியாகப் பத்தடி தூரத்துக்கு நான் மேதையாக இருந்தேன்.

மாதா சொரூபம் நிற்கும் குருசடி அருகே இடப்பக்கம் திரும்ப வேண்டும். அகல டயர் மட்கார்டில் இடிக்க, ஸ்டியரிங் பாதியில் நின்றது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு அந்தத் தோளால் வளைத்தார். முன் இடப்பக்க டயர், சட்டையைக் கழற்றுவதுபோல ரிம்மை விட்டுக் கழன்றது. டியூப் வெளியே பிதுங்கி வெடித்தது. வண்டி மாதா முன்னால் முட்டி போட்டது. ஒரு பெட்டி இறாலும் ஐஸ் தண்ணீரும் ஜன்னல் வழியே மேனேஜரின் காலருக்குள் இறங்கின.

அம்மா பாயோடு ஓடிவந்தாள். "ஏளா, எங்க ஒம் பரப்பு?"

மேனேஜர் கடிகாரத்தையும் உருகும் ஐஸையும் பார்த்தார். கரைப் பெண்கள் பெட்டிகளைத் தலையில் ஏற்றி ரோட்டுக்கு நடந்தார்கள். ஸ்டெப்னி மாட்டப்பட்டது. மற்ற மூன்றுக்கும் அண்ணன் கைப்பம்பால் காற்றடித்தான், ஒவ்வொரு அழுத்துக்கும் ஒருமுறை என்னைப் பார்த்தபடி. பிறகு பனையோலைப் பாய்மேல் வண்டி ஏறிப் போனது. பின்னாலேயே, அதே பாய்மேல், சட்டைப் பையில் இறால் மீசை நீட்டியிருக்க மேனேஜர் நடந்தார். ஐஸ் முழுக்க உருகுமுன் சரக்கு கம்பெனி போய்ச் சேர்ந்தது.

பத்து நாளில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. வீட்டில் அதைப் படிக்கக்கூடிய ஒரே ஆள் நான்.

"வாசிளா" என்றார் அப்பா.

ஒரு வருஷத்துக்கு எங்கள் வண்டியையே வைத்துக்கொள்வதாக முதல் பத்தி. அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். பழைய அளவு டயரும் ஓலைப் பாய் முறையும் தொடர வேண்டும் என்று இரண்டாம் பத்தி. கடிதத்தை மடித்தேன்.

"பொறு. மூணாவதா ஒரு பத்தி கெடக்கே?" என்றான் அண்ணன். அவனுக்கு எழுத்துதான் தெரியாது, எண்ணத் தெரியும்.

வாசித்தேன்: "வண்டி ஓடும்போது, ஓட்டுநரின் மகள் தொழில்நுட்ப ஆலோசனை வழங்கக் கூடாது."

இப்போது நான் பள்ளியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தக் கடிதம் மாதா படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் வெளியே வரும். போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும், "புள்ளைக்கு இங்கிலீசு நல்லா வரும்" என்று அப்பா அதை எடுத்து நீட்டினார். "மூணாவது பத்திய வாசிளா."

வாசித்தேன். கதையையும் அண்ணன் சொல்லி முடித்தான். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் சிரிக்காமல், "ரிம்மு எத்தன அங்குலம் அகலம்?" என்று கேட்டார்.

அந்த மாப்பிள்ளையையே நிச்சயம் பண்ணிவிட்டோம்.