ப்ளைவுட் பெட்டிக்குள் மெஷின் சார்

பெரம்பலூருக்குச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டுவந்தவர் மெஷின் சார்தான். இதில் எனக்குக் கடுகளவும் சந்தேகம் கிடையாது. யார் வந்து மறுத்தாலும் சண்டைக்குத் தயார். எண்பதுகளின் நடுவில், கம்ப்யூட்டர் என்ற சாமானை எங்களில் ஒருவரும் கண்ணால்கூடப் பார்த்திராத காலத்தில் கொண்டுவந்தார். அதற்கு அவர் உபயோகித்தது ஒரு ப்ளைவுட் பெட்டியையும், அதற்குள் மடங்கி உட்காரத் தோதான தன்னுடைய ஒல்லி உடம்பையும்.

அதற்கு முன்னால் அவர் அரியலூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வாத்தியார். மெட்ராஸில் ஏதோ பொருட்காட்சியில் ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வந்தவர், வந்த வேகத்தில் வேலையை விட்டுவிட்டார். அதைச் செய்கிற கம்பெனிக்கே ஏஜெண்டாகி, "யோசிக்கிற மெஷினுங்க, தொழிலுக்கு ரொம்ப நல்லதுங்க" என்று கடை கடையாக ஏறி இறங்க ஆரம்பித்தார். தெருநாயைக்கூட "தள்ளிக்குங்க" என்று சொல்லி விலக்குகிற மனிதர். அவ்வளவு மரியாதை.

கல்யாணமாகி ஒரு வருஷம் முடியவில்லை. விஷயம் கேள்விப்பட்டு கீழப்பழுவூரிலிருந்து மாமனார் புறப்பட்டு வந்தார். அவருக்குக் கோபம் வந்தால் வேட்டி நிற்காது, ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் பேசுவார். அன்றைக்கும் பிடித்துக்கொண்டே பேசினாராம்.

"மாப்ள, நெலையான வேலய வுட்டுட்டு மெஷினு மெஷினுன்னு திரியிறீங்க. ஒண்ணே ஒண்ணு வித்துட்டு வாங்க, அன்னிக்கே பொண்ண அனுப்பறேன். அதுவரைக்கும் அவ எங்கூட்டுல இருக்கட்டும்."

மகள் சரோஜாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆக, மெஷின் சாருக்கு மெஷின் விற்பது என்பது வியாபாரம் இல்லை. ஒரு மெஷின் விற்றால் பெண்டாட்டி வீட்டுக்கு வருவாள், விற்காவிட்டால் வர மாட்டாள். இதை அவர் ஒளித்து வைக்கவும் இல்லை. அறிமுகமாகி டீ ஆறுவதற்குள் எதிராளியிடம் சொல்லிவிடுவார்.

சிக்கல் என்னவென்றால், காட்டுவதற்கு மெஷின் இல்லை. ஆர்டர் இல்லாமல் கம்பெனி மெஷினை அனுப்பாது. பார்க்காமல் எங்கள் ஊரில் எவனும் ஆர்டர் கொடுக்க மாட்டான். சார் யோசித்தார். மெஷின் வரும் வரைக்கும் தானே மெஷினாக இருந்து பழக்கிக் காட்டுவது என்று முடிவு செய்தார்.

முதல் சோதனை பாடாலூரில், ரோட்டோர ஓட்டலில். நாளைக்கு எவ்வளவு இட்லி போகும் என்று மெஷின் சொல்ல வேண்டும். ஓட்டல்காரர் ஒரு வாரத்து விற்பனையை ஒப்பித்தார். மெஷின் பதில் சொன்னது. மறுநாள் அமாவாசை. பாதி ஊர் விரதம், ஓட்டல் பக்கம் ஒரு ஜனம் தலைவைத்துப் படுக்கவில்லை. மிஞ்சிய இட்லியைப் பக்கத்து வீட்டு மாடுகள் தின்றன.

"ஏன் சார், அமாவாசை கூடவா தெரியாது உங்க மெஷினுக்கு?"

"நீங்க சொல்லலீங்களே. சொன்னாத்தானுங்க அதுக்குத் தெரியும்."

அடுத்தது வேப்பந்தட்டையில் ஒரு விதைக்கடை. கடைக்காரர் எடுத்த எடுப்பிலேயே மழை எப்போது வரும் என்று கேட்டார். "விவரம் போதாது" என்றது மெஷின். "இதச் சொல்றதுக்கு மெஷின் எதுக்கு சார், எங்க மச்சானே சொல்லுவானே" என்று கடைக்காரர் மோர் கொடுத்து அனுப்பி வைத்தார்.

மூன்றாவதாக வந்து சேர்ந்த இடம் எங்கள் லாரி புக்கிங் ஆபீஸ். நான் அங்கே கிளார்க். முதலாளி வாய் கொஞ்சம் நீளமானவர், மனசு அதைவிட நீளம். ஆபீஸ் முழுக்க மெஷின் போட்டு ஜமாய்த்துவிடலாமா என்று கிண்டலாகத்தான் கேட்டார். சார் பதறிப்போனார்.

"வேணாங்க. ஆபீஸ மொத்தமா அதுங்கிட்ட குடுத்துடாதீங்க. தெனமும் உங்க உசுர வாங்குற வேல ஏதாச்சும் ஒண்ணு இருக்கும்ல, அத மட்டும் மொதல்ல குடுங்க. அது சொல்றதயும் அப்படியே நம்பிடாதீங்க, கொஞ்ச நாளு நீங்களும் ஒரு பக்கம் யோசிச்சிப் பாருங்க. டிரைவருங்களுக்கு மொதல்ல எடுத்துச் சொல்லுங்க. இல்லன்னா நம்ம பொழப்புல மண்ணப் போட வந்துருக்குன்னு ஒயரப் புடுங்கிடுவாங்க."

இன்றைக்கு நிபுணர்கள் கோட்டு போட்டுக்கொண்டு பெரிய ஓட்டல் மாடியில் கூட்டம் நடத்தி இதைத்தான் சொல்கிறார்கள். சார் ரப்பர் செருப்போடு நின்றுகொண்டு சொன்னார்.

முதலாளியின் உசிரை வாங்கிய வேலை காலி வண்டி. அரியலூருக்கு சிமெண்ட் ஏற்றப் போகிற லாரிகள் எங்கள் ஊரிலிருந்து வெறும் வண்டியாகப் போகும். டீசல் தண்டம். அங்கே போகிற சரக்கு யாரிடம், என்றைக்கு இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்வதுதான் மெஷினின் வேலை என்று ஏற்பாடாயிற்று.

ஆசாரி ஒரு ப்ளைவுட் பெட்டி அடித்துக் கொடுத்தார். முன்பக்கம் தபால் பெட்டிக்கு இருப்பது போல ஒரு சந்து, உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு குட்டி பல்பு. காலையில் சார் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அதோடு மரியாதை முடிந்தது. மெஷினுக்கு முதலாளி, கிளீனர் வித்தியாசம் கிடையாது என்பது அவர் கொள்கை.

"சார், அரியலூருக்கு இன்னிக்கு என்ன லோடு இருக்கு?"

"வெங்காயம். மண்டியில் கேள். மதியத்துக்குள் அனுப்பு."

'கேள்' என்ற வார்த்தையைத் தன் ஆபீஸில் தானே கேட்க நேர்ந்த முதலாளி முதல் நாள் திகைத்துப் போய் உட்கார்ந்திருந்தார். பழகிக்கொண்டார்.

கரண்ட் போனால்தான் ரகளை. பல்பு அணைந்தால் மெஷினும் நின்றுவிடும், சொல்லிக்கொண்டிருக்கிற வார்த்தை பாதியில் தொங்கும். ஒருநாள் "பருத்தி மூட்டை ஏற்றிக்கொண்டு..." என்பதோடு நின்றுவிட்டது. வெளியே டிரைவர் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு காத்திருக்கிறார். முதலாளி பெட்டியைத் தட்டோ தட்டென்று தட்டினார்.

"யோவ் சாரு, நீ மனுசன்தான்யா. எங்க எறக்கணும்னு மட்டும் சொல்லித் தொலய்யா."

பெட்டிக்குள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது, பதில் வரவில்லை. ரொம்ப நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. மெஷின் "பருத்தி மூட்டை" என்று ஆதியிலிருந்து ஆரம்பித்தது. டிரைவர் தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

ஆனால் மெஷின் சொன்னது பலித்தது. யார் வீட்டு வெங்காயம் காய்ந்திருக்கிறது, எந்த மண்டியில் மூட்டை தேங்கியிருக்கிறது என்று சாயங்காலமெல்லாம் சைக்கிளில் சுற்றி விசாரித்துக்கொண்டு வருவார். மறுநாள் பெட்டிக்குள்ளிருந்து அது பதிலாக வரும். காலி வண்டி போவது குறைந்து, பிறகு ஏறக்குறைய நின்றே போனது. முதலாளி ஆனந்தத்தில் மெஷின் சாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"சார், மெஷினும் வேணாம் மண்ணும் வேணாம். நீங்களே இருந்துடுங்க. மாசச் சம்பளம் போட்டுத் தரேன்."

சாருடைய முகம் செத்துவிட்டது. அவ்வளவு நன்றாக மெஷினாக இருந்தது அவருக்கே வினையாக வந்து முடிந்தது.

"நான் சாம்பிளுங்க. சாம்பிள விக்கக் கூடாதுங்க. மாமா மெஷின் விக்கச் சொன்னாருங்க, வேலைக்குச் சேரச் சொல்லலீங்க."

எங்களுக்குச் சிரிப்பாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. சம்பளத்தை வாங்கிக்கொண்டு பெண்டாட்டியோடு குடும்பம் நடத்தாமல் இந்த மனிதர் எதைப் பிடித்துத் தொங்குகிறார் என்று ஆளாளுக்குத் திட்டினோம். மெட்ராஸிலிருந்து கம்பெனி ஆபீசர் வரப்போகிறார், அவர் பேசினால் முதலாளி மனசு மாறிவிடும் என்று சொல்லிவிட்டு சார் மறுபடி பெட்டிக்குள் போய்விட்டார்.

அப்படி ஒரு மதியம்தான் ஆபீஸுக்கு ஒரு பெண் வந்தாள். கையில் ஒரு தூக்குச் சட்டி. பார்சல் போட வந்தவள் என்று நினைத்து நான் சீட்டை எடுத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நேராகப் பெட்டிக்கு எதிரில் போய் நின்றாள்.

"கீழப்பழுவூர்ல ஒரு பொம்பள ஒக்காந்திருக்கா. அவ வூட்டுக்காரரு எப்ப வந்து கூட்டிட்டுப் போவாருன்னு மெஷின் சொல்லுமா?"

அது சரோஜா என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பெட்டி பதில் சொன்னது.

"விவரம் போதாது."

"என்ன விவரம் பத்தல? நான் தரேன். மெஷின் வித்தாலும் விக்காட்டியும் நான் வரேன். எங்கப்பா பேசுனத எங்கப்பாவோட வுட்டுடுங்க. இங்க சம்பளம் தரேங்கிறாங்களாம், டிரைவருங்க சொன்னாங்க. வாங்கிக்குங்க. ஒரு ரூம்பு போதும். இப்ப சொல்லுங்க."

நான் பெட்டியைப் பார்த்தேன். சந்துக்குப் பின்னால் அவருடைய கண் தெரிந்தது.

"மெட்ராஸ்லேர்ந்து ஆபீசர் வராருங்க," என்றார் சார். "அவரு வந்துட்டுப் போவட்டுங்க. ஒரே ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேங்க." பெட்டிக்குள்ளிருந்து மரியாதையாக ஒரு வார்த்தை வந்தது அன்றைக்குத்தான்.

சரோஜா கோபித்துக்கொள்ளவில்லை. "சரிங்க" என்றாள். தூக்கைத் திறந்து அதிரசத்தை ஒவ்வொன்றாக எடுத்து அந்தச் சந்து வழியாக உள்ளே கொடுத்தாள். எங்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு பஸ் ஏறப் போய்விட்டாள். கதவைத் திறந்துகொண்டு பின்னாலேயே ஓடியிருக்க வேண்டாமா மனிதர்? ஓடவில்லை. உள்ளே அதிரசம் மெல்லுகிற சத்தமும் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் மாறி மாறிக் கேட்டன. எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

ஆபீசர் வந்தார், சொன்ன நாளெல்லாம் கடந்து ஒரு மழை நாளில். முதலாளி அவரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, "உங்க மெஷினவிட எங்க மெஷின் சூப்பருங்க" என்று பெட்டியைக் காட்டினார். ஆபீசர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சாரைத் தனியாகக் கூப்பிட்டு, ஏஜென்ஸி ரத்து என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

சார் அழவில்லை. நேராக முதலாளியிடம் வந்து, "வேலைக்குச் சேந்துக்கிறேங்க" என்றார். அன்றைக்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ரூம் பார்த்தார். ஸ்டவ் வாங்கினார். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று வாங்கி, சரோஜாவின் உயரத்துக்கு எங்கே ஆணி அடிப்பது என்று எங்களிடம் வந்து கைவைத்துக் காட்டினார். வெள்ளிக்கிழமை போய்க் கூட்டிவருவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை காலையில் அரியலூரிலிருந்து திரும்பிய எங்கள் டிரைவர் வண்டியிலிருந்து இறங்காமலே என்னைக் கூப்பிட்டார். "சாரு சம்சாரத்துக்கு மஞ்சக் காமாலயாம். பெரியாஸ்பத்திரியில சேத்திருக்காங்க. ரொம்ப முடியலயாம். சட்டுனு அனுப்பி வையிங்க."

அதே லாரியில் சாரும் நானும் போனோம். சரோஜாவுக்கு நினைவு தப்பியிருந்தது. சார் தரையில் மண்டியிட்டு அவள் காதருகே குனிந்து, "வேலைக்குச் சேந்துட்டேங்க, ரூம்பு பாத்துட்டேங்க, கண்ணாடி வாங்கிட்டேங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நர்ஸ் வந்து தோளைத் தொட்டார், அப்போதும் நிறுத்தவில்லை. அந்தப் பெண் கண் திறக்கவே இல்லை. சனிக்கிழமை போய்விட்டாள்.

கருமாதி முடிந்து இவர் எங்கே வரப்போகிறார் என்றுதான் நினைத்தோம். பெட்டியை எடுத்துப் பின்பக்கம் போட்டுவிடலாமா என்று முதலாளி கேட்டார். நான் வேண்டாம் என்றேன்.

ஒருநாள் காலையில் அரியலூர் பஸ்ஸிலிருந்து சார் இறங்கினார். தாடி வளர்ந்திருந்தது. கையில் ஒரு கிழவரைப் பிடித்திருந்தார். கிழவர் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ரோட்டைக் கடக்கப் பயந்து நின்றார். சார் அவரைப் பையப் பைய நடத்திக்கொண்டு வந்து ஆபீஸ் பெஞ்சில் உட்கார வைத்தார்.

முதலாளி சாரை ஓரமாகக் கூப்பிட்டார். "சார், இந்த மனுசன் மட்டும் அன்னிக்கே புள்ளய அனுப்பியிருந்தா... இவரப் போயி ஏன் சார் கூட்டிட்டு வந்தீங்க?"

"அங்க தனியா இருக்காருங்க. சோறு பொங்கத் தெரியாது," என்றார் சார். கொஞ்சம் நின்றுவிட்டு, "அந்த வூட்டுலேர்ந்து கூட்டிட்டு வரேன்னு சொல்லியிருந்தேங்க. வெறுங்கையோட திரும்பி வர மனசு வரலீங்க" என்றார்.

முதலாளி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் போய் டீ வாங்கி வந்தேன். சார் டம்ளரைப் பிடித்துக் கிழவரைக் குடிக்க வைத்தார்.

அன்றைக்கு எந்த டிரைவரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. வந்து நின்றார்கள், பார்த்தார்கள், திரும்பிப் போய்விட்டார்கள். அரியலூர் வண்டி வாசலில் நின்றது. லோடு எங்கே இருக்கிறதென்று சொல்லக்கூடியவர் எதிரிலேயே மாமனார் தோளில் கைபோட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் அந்த வண்டியின் டிரைவர் முதலாளியிடம் வந்து, "அரியலூருக்குக் காலியாத்தான் போவணும் போலிருக்குங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

"போனா போவுது, எடுய்யா வண்டிய," என்றார் முதலாளி.