நாலாவது நிமிடத்தில் நான்

எங்கள் தெருவில் அமைதி வேண்டுமென்றால் அதைக் கத்தித்தான் வாங்க வேண்டும். நான் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். என் குரலைக் குயில் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. (துறைமுகத்துச் சங்கு என்று சொன்னவர்கள் உண்டு.) அந்தக் குரல் இன்று எங்கெங்கோ இருக்கும் ஜாஸ் ரசிகர்களின் காதில் விழுந்துகொண்டிருக்கிறது என்றால், அந்தப் பாவத்துக்கு நான் ஒருத்தியே பொறுப்பு.

என் நைனா கிட்டார் வாசிப்பவர். பெரிய ஓட்டல்களில் மற்றவர்கள் சூப் குடிக்கும்போது ஜாஸ் வாசித்தார். ஒரு கப்பலில் ஒன்றரை வருடம் வாசித்துவிட்டு, சோறு சரியில்லை என்று திரும்பி வந்தார். மீதிக் காலமெல்லாம் சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்தார். பாடகர் மூச்சு இழுக்கும் இடத்தில் நாலு விநாடி, சரணத்துக்கு முன்னால் ஆறு விநாடி என்று அவருடைய வாழ்க்கை எத்தனையோ பாட்டுகளில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. எந்தக் கேசட் உறையிலும் அவர் பெயர் இல்லை.

பஸ்ஸில் அந்தப் பாட்டுகளில் ஒன்று வந்துவிட்டால் பக்கத்து சீட்டுக்காரரின் தோளைத் தட்டுவார். "இப்ப ஒரு கிட்டாரு வருது பாரு வாத்யாரே... அது நான்தான்." அந்த ஆள் அவரை மேலும் கீழும் பார்ப்பார். அடுத்த ஸ்டாப்பில் வேறு சீட்டுக்கு மாறிவிடுவார். நான் இந்த மனிதரை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்பதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். (மகாராணிக்கு அவமானமாம்!)

அறுபத்தெட்டு வயதில் அவருடைய இடது கை மோதிர விரல் மடங்க மறுத்தது. மாத்திரை போட்டால் அரை மணி நேரம் சொன்னபடி கேட்கும், அப்புறம் விறைத்துக்கொள்ளும். அப்போதுதான் முதல்முறையாக வாய்விட்டுக் கேட்டார். "எம் பேர்ல ஒரே ஒரு பாட்டு, முழுசா. அது போதும்மா."

ஸ்டுடியோ ஏசியில் விரல் இன்னும் மோசமாகும் என்பதால் வீட்டிலேயே பதிவு செய்ய முடிவெடுத்தோம். கல்யாணங்களுக்கு சவுண்ட் சர்வீஸ் நடத்தும் என் தம்பி ரூபன் இரண்டு மைக்கும் ஒரு லேப்டாப்பும் கொண்டுவந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. சர்ச்சில் பூசை முடிந்து, பிரியாணி முடிந்து, ராயபுரமே குறட்டை விடும் நேரம். ஃபேனை நிறுத்தினோம், ஃபிரிட்ஜ் ஒயரைப் பிடுங்கினோம். தெருவை அமைதியாக வைத்திருக்கும் பொறுப்பு எனக்கு.

"யக்கா, ஒரு தும்மல்கூட உள்ள வரக்கூடாது. ரெண்டாந்தபா வாசிக்க நைனாவுக்கு வெரலு ஒத்துக்காது," என்றான் ரூபன்.

முதல் நாளே வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தேன். எங்கள் தெரு இவ்வளவு நல்ல தெரு என்று அதுவரை எனக்குத் தெரியாது. எதிர்வீட்டுக் கன்னியம்மா அக்கா மிக்சியைத் தூக்கிக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்தார். ஆட்டோ ஓட்டும் தயாளண்ணன் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெயின் ரோடு வரை தள்ளிக்கொண்டே போனார். மற்றவர்கள் வாசற்படியில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நைனா ஆரம்பித்தார். அவரே போட்ட மெட்டு. ஜாஸ் என்றால் என்ன என்று சின்ன வயதில் நான் கேட்டதற்கு, "மெட்டுதாம்மா வூடு. வூட்ட வுட்டுக் கெளம்பி ஊரெல்லாம் சுத்திகினு, கரீட்டா சோத்து நேரத்துக்குத் திரும்பி வந்துடணும்," என்றிருந்தார். அன்று அவர் வெகுதூரம் போனார். ஜன்னலுக்கு வெளியே காவல் நின்ற எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஐஸ் வண்டி திரும்பியது. காசிமேட்டு மீன் துறைமுகத்துக்கு ஐஸ் கொண்டுபோகும் மினி லாரி. அந்த டிரைவர் எங்கள் தெருவை ஹார்ன் அடிக்காமல் கடந்ததாகச் சரித்திரமே கிடையாது. நான் இரண்டு கையையும் ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். கையைத் தூக்கினார். எனக்குள் இருந்த துறைமுகத்துச் சங்கு விழித்துக்கொண்டது.

"யோவ்! ஆரன அட்ச்சே, கைய ஒட்ச்சுடுவேன்!"

காக்காய்கள் பறந்தன. கன்னியம்மா அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். டிரைவர் மெதுவாக இறங்கி வந்து, "மூக்கு அரிச்சுதும்மா... சொறிஞ்சிக்கலாமா?" என்று கிசுகிசுத்தார். அவரிடமும் யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். பாவி மனிதர், இன்ஜினைக்கூட அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறார். அந்தத் தெருவில் அன்று மதியம் எழுந்த ஒரே சத்தம் என்னுடையது.

உள்ளே கிட்டார் நின்றுபோனது. வாழ்நாளெல்லாம் அவர் காத்திருந்த ஒரு பாட்டை ஒரே கத்தலில் முடித்துவிட்டேனே!

பிறகு நைனா சிரித்தார். கரகரவென்று தொடங்கி இருமலில் முடிகிற சிரிப்பு. "எம் பொண்ணு," என்றார் மைக்கிடம். அப்புறம் நான் கத்தியதை, அதே ஏற்ற இறக்கத்தோடு, அப்படியே கிட்டாரில் வாசித்தார். கொஞ்சம் மாற்றி இன்னொரு தரம் வாசித்தார். அதையே பிடித்துக்கொண்டு ஊர் சுற்றிவிட்டு, கரெக்டாக வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

முடித்ததும் விரல் விறைத்துவிட்டது. அடுத்த வாரம் மறுபடி முயற்சி செய்யலாம் என்று அழுதேன்.

"இன்னாத்துக்கு? இதாம்மா பாட்டு. இத்தயே போடு," என்றார்.

ரூபன் நைனாவின் பெயர் போட்டு இணையத்தில் ஏற்றினான். நைனா போனைத் திறந்து திறந்து பார்த்தார். கேட்பதற்காக அல்ல, அந்தப் பெயரைப் பார்ப்பதற்காக. ஒரு வெளிநாட்டு ரசிகர் கீழே எழுதியிருந்தார்: நாலாவது நிமிடத்தில் வரும் பாடகியின் தாளக்கட்டு அபாரம், அவருடைய வேறு பதிவுகள் எங்கே கிடைக்கும்? இன்றும் எங்கள் வீட்டில் யாராவது டிவி சத்தத்தைக் கூட்டினால், "பாடகியைக் கூப்பிடவா?" என்றுதான் மிரட்டுகிறார்கள்.

நைனா போய் மூன்று வருடமாகிறது. முதல் நினைவு நாளன்று ரூபன் எனக்கு ஒரு பரிசு கொண்டுவந்தான். ஏதோ மென்பொருளில் போட்டு என் கத்தலைச் சுத்தமாக எடுத்திருந்தான். "இனிமே யாரும் ஒன்ன ஓட்ட முடியாதுக்கா," என்றான். கேட்டேன். பாட்டு கண்ணாடிபோல இருந்தது. ஆனால் கத்தலோடு சேர்ந்து அந்தச் சிரிப்பும் போயிருந்தது. 'எம் பொண்ணு'வும் போயிருந்தது. நைனாவின் குரல் எங்களிடம் வேறு எதிலும் இல்லை. வீடியோ எடுக்கப் போனைத் தூக்கினாலே பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பதுபோல விறைப்பாக வாயை மூடிக்கொள்பவர் அவர்.

"டேய், அத்தத் திருப்பி வெக்கல, கைய ஒட்ச்சுடுவேன்," என்றேன்.

வைத்துவிட்டான். தினமும் வேலைக்குப் போகும்போது இயர்போனில் கேட்கிறேன். போன வாரம் பஸ்ஸில் நாலாவது நிமிடம் வந்தபோது என்னை அறியாமல் பக்கத்தில் இருந்த அம்மாவின் தோளைத் தட்டி, ஒரு இயர்போனை நீட்டினேன். "கேளுங்கம்மா. வாசிக்கிறது எங்க நைனா. இப்ப கத்துறது நான்தான்."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். அடுத்த ஸ்டாப்பில் வேறு சீட்டுக்கு மாறிவிட்டார்.