பின்சீட்டு நடுக்கம்

"இப்ப?" என்று மாணிக்கவாசகம் தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"நடுங்குதுங்க," என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த கிருஷ்ணம்மா.

மீட்டர் முள்ளை ஐம்பது குறைத்தார். "இப்ப?"

"இப்பவுந்தான்."

மோட்டார் சைக்கிள் பலாபத்வலையைத் தாண்டித் தம்புள்ளை ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை.

மாணிக்கவாசகம் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து பெக்டரியில் சின்ன டீமேக்கர். கொழுந்து அரைக்கும் ரோலர் நிமிஷத்துக்கு இரண்டு சுற்றுக் குறைந்தாலும் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். எந்த மெஷினுக்கும் அதற்குப் பிடித்தமான வேகம் ஒன்று உண்டு, அதைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால் அது பாட்டுக்கு நாள் முழுக்க ஓடும் என்பது அவர் கொள்கை.

போன மாதம் வாங்கிய இந்த ஜப்பான் வண்டி நெடுந்தூரம் ஓடுவதற்கென்றே செய்தது. வேகம் காட்டும் மீட்டருக்குப் பக்கத்தில், என்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டும் மீட்டர் ஒன்றும் இருந்தது. அந்த முள்ளை எந்த எண்ணில் நிறுத்தினால் வண்டி முனகாமலும் நடுங்காமலும் போகும் என்று தெரிந்துகொள்ளாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் தனியாகத்தான் போய்ப் பார்த்தார். மூவாயிரத்து இருநூறில் வண்டி முக்கியது. நாலாயிரத்து ஐந்நூறில் ஹேண்டில் அதிர்ந்து விரல் நுனியெல்லாம் அரித்தது. மூவாயிரத்து எண்ணூறில் கை பட்டுத் துணியில் கிடப்பது போல இருந்தது. ஆனால் இது இரண்டு பேர் போகிற வண்டி. அதிர்வு பின்னால் இருப்பவரின் காலுக்குத்தான் முதலில் தெரியும் என்று அதோடு வந்த புத்தகம் சொன்னது.

ஆகவே கிருஷ்ணம்மாவை ஏற்றிக்கொண்டார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். தோட்டம், இரத்தோட்டைக் கடைத்தெரு, வருஷத்துக்கு ஒருமுறை மாத்தளைத் தேர். அதற்கப்பால் அவள் போனதில்லை.

நாலந்தாவில் வண்டியை நிறுத்தினார்.

"எங்க நடுங்குது?"

கிருஷ்ணம்மா யோசித்தாள். "குதிகால்ல."

"மூவாயிரத்து எண்ணூறுலயுமா?"

"ரோடு சரியில்லையோ என்னவோ. நாவுலைக்கு அப்பால நல்ல ரோடாம். அங்க ஓட்டிப் பார்த்தாத்தான் சரியாத் தெரியும்."

அதில் நியாயம் இருந்தது. ஆனாலும் அங்கே போவதற்குமுன் மாத்தளை மெக்கானிக் றஹீமிடம் போனார்.

"கால் வைக்கிற கம்பிக்கு லொறி டியூப சுத்தி விட்டா செரி, டீமேக்கர் ஐயா," என்றான் றஹீம்.

அடுத்த ஞாயிறு, ரப்பர் சுற்றிய கம்பியிலிருந்து கிருஷ்ணம்மாவின் கால் வழுக்கியது. வலது செருப்பு கழன்று பின்னால் வந்த லொறியின் சக்கரத்தில் போய்ச் சேர்ந்தது. நாவுலையில் செருப்புக் கடை பூட்டியிருந்ததால் தம்புள்ளை வரைக்கும் போக வேண்டியதாயிற்று. புதுச் செருப்போடு குகைக் கோயில் மலையில் ஏறி இறங்கிய பிறகு, "இன்னும் நடுங்குதுங்க," என்றாள்.

இந்தத் தடவை றஹீம் செயின் ஓடும் முன்பக்கப் பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பல் கூடிய ஒன்றை மாட்டினான். சமதரையில் என்ஜின் நிதானமாகச் சுற்றியது. ஆனால் தோட்டத்து ஏற்றத்தில் இரண்டு பேரைத் தூக்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. கிருஷ்ணம்மா இறங்கி நடந்தாள். மாணிக்கவாசகம் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு மூன்றாவது வளைவுக்கு வந்தபோது, அவள் அங்கே கல்லில் உட்கார்ந்து கொழுந்து பறிக்கும் பெண்களோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, அக்கா முந்திட்டாங்க," என்றாள் ஒருத்தி.

மறுநாள் பெக்டரி முழுக்க அதே பேச்சு. இனி ஞாபகத்தை நம்பக்கூடாது, எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று அவர் ஒரு கொப்பி வாங்கினார். அதுதான் பெரிய பிழை.

அடுத்த ஞாயிறு தம்புள்ளை வரை போய்த் திரும்பும்போது, நாவுலைக்கு அப்பால் செக்பொயின்டில் ஒரு சிப்பாய் அந்தக் கொப்பியை எடுத்தான். தமிழ் எழுத்து. பக்கத்தில் எண்கள். ஊர்ப் பெயர்களின் கீழே கோடு. யுத்தம் நடந்துகொண்டிருந்தது, அதைவிடச் சின்னக் காரணத்துக்கு ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோன காலம் அது.

தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிவர இரண்டு மணித்தியாலம் ஆனது. அவர் வாசித்தார்: "நாவுலை, மூவாயிரத்து எண்ணூறு, குதிகால். தம்புள்ளை, நாலாயிரம், முழங்கால்." பிறகு சிங்களத்தில் சொன்னார். சார்ஜன்ட் கொப்பியை வாங்கி அந்த எண்களைத் தானே ஒருமுறை பார்த்தார்.

"யாருடைய குதிகால்?" என்று கேட்டார்.

மாணிக்கவாசகம் கையைக் காட்டினார். வாங்குப் பலகையில் உட்கார்ந்து சோளம் தின்றபடி மரத்துக் குரங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்த கிருஷ்ணம்மா, புதுச் செருப்பைக் கழற்றிக் குதிகாலை நீட்டினாள். சார்ஜன்ட் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, போகச் சொன்னார்.

"இனி இந்தப் பக்கமே வேணாம்," என்றார் மாணிக்கவாசகம்.

"வராம விட்டாத்தாங்க சந்தேகப்படுவாங்க. அடுத்த ஞாயிறும் வந்து மூஞ்சியக் காட்டிட்டு, அப்படியே சீகிரியா வரைக்கும் ஒரு ஓட்டம் பார்த்துட்டு வந்துருவோம்."

றஹீம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வண்டியைப் பழையபடி ஆக்கிக் கொடுத்தான். சீகிரியா ரோடு பலகை போல இருந்தது. மூவாயிரத்து எண்ணூறில் முள் அசையாமல் நின்றது. மலைக்கு முன்னால் நிறுத்தி, மெல்லக் கேட்டார்.

"நடுங்குதுங்க," என்றாள், மலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "திருகோணமலை ரோட்டுல பார்த்தா ஒருவேளை..."

மாணிக்கவாசகத்துக்கு மனசு விட்டுப்போயிற்று. இருபத்திரண்டு வருஷ பெக்டரி வேலையில் எந்த மெஷினும் அவரை இப்படித் தோற்கடித்ததில்லை.

"வித்துடப் போறேன்," என்றார்.

கிருஷ்ணம்மா சட்டென்று திரும்பினாள். "விக்கவா? அவ்வளவா ஒண்ணும் நடுங்கலைங்க."

"எனக்காகச் சொல்லாத."

"நெசமாத்தாங்க. நடுக்கமே இல்ல."

"பாவம் நீ," என்றார் மாணிக்கவாசகம். "எவ்வளவுதான் பொறுத்துக்குவ. போதும்."

வாரம் முழுக்க அவள் சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல, இவளைப் போல ஒருத்தியை இத்தனை நாள் வதைத்தோமே என்று அவர் உருகினாரே தவிர நம்பவில்லை.

மாத்தளையில் லாபிர் என்ற மிளகு வியாபாரி வண்டியை வாங்கத் தயாராக இருந்தார். சனிக்கிழமை இருவரும் அவர் வீட்டுக்குப் போனார்கள். கிருஷ்ணம்மா வழியெல்லாம் பின்னால் போகும் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"மறைச்சு விக்க மாட்டேன், முதலாளி," என்றார் மாணிக்கவாசகம். "மூவாயிரத்து எண்ணூறுல முன்னால கைக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா பின்னால இருக்கிறவங்களுக்குக் குதிகால் நடுங்கும். நாலந்தாவுலயும் நடுங்கிச்சு, தம்புள்ளையிலயும் நடுங்கிச்சு, சீகிரியாவுலயும் நடுங்கிச்சு. நீங்களே உங்க வீட்டு அம்மாவ வச்சு ஓட்டிப் பாருங்க."

லாபிர் தன் மனைவி ஆஸியாவை ஏற்றிக்கொண்டு அலுவிகாரை வரை போய் அரைமணி நேரத்தில் திரும்பினார். மாணிக்கவாசகம் கொப்பியைத் திறந்து பேனாவை எடுத்தார்.

"எங்க நடுங்கிச்சும்மா? குதிகாலா, முழங்காலா?"

ஆஸியா இறங்கி முக்காட்டைச் சரிசெய்தாள். தலையைக் குனிந்து நின்ற கிருஷ்ணம்மாவை ஒரு தரம் பார்த்தாள்.

"ஒரு எடத்துலயும் நடுங்கல்ல, ஐயா," என்றாள். "நெசமாவே கால் நடுங்கின பொம்புள நாலந்தாவுலயே திரும்புவோம்னு செல்லியிருப்பா, வீட்டுக்குத் திரும்ப மனசில்லாதவதான் சீகிரியா வரைக்கும் நடுங்கிக்கிட்டே போவா."