பெயர்த் தகடு மாட்டிய பெட்டி

ஆவடி குவார்ட்டர்ஸ்,
9-8-1974.

சிரஞ்சீவி மாப்பிள்ளை ஜானகிராமன் அவர்களுக்கு, மாமனார் கஜபதி அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. வேலப்பன்சாவடியில் தங்கள் அண்ணன் வீட்டில் தாங்கள் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுத எனக்கும் ஆசைதான். உங்கள் அத்தை தாயம்மாள் என்னோடு பேசி ஐந்து நாள் ஆகிறது. சாப்பாடு நேரத்துக்கு வருகிறது, தட்டுதான் கொஞ்சம் ஓசையோடு வைக்கப்படுகிறது. புஷ்பா உங்கள் கிட்டாரைத் தன் பழைய புடவையால் மூடி வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். மகளை இப்படிப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை.

மாப்பிள்ளை, நடந்ததற்கு நான் மிகவும் வருந்துகிறேன். ஆனால் நடந்தது என்ன என்று வரிசையாகச் சொன்னால்தான் என் வருத்தத்தின் அளவு உங்களுக்குப் புரியும். கிட்டாரின் சத்தம் எவர்சில்வர் தட்டில் கரண்டியைத் தேய்த்த மாதிரி கீச்சென்று வருகிறது, பட்டணத்து இசைக்குழுவில் சேர வேண்டுமானால் அதன் குரல் கனக்க வேண்டும் என்று என்னிடம் வந்தது நீங்கள்தான். கிட்டாரை அறுக்க வேண்டாம், கம்பிகளுக்கு அடியில் உள்ள காயிலோடு வெளியே இன்னொரு காயிலைத் தொடராகச் சேர்த்து, ஒரு சுவிட்சும் வைத்தால் போதும், இம்பீடன்ஸ், அதாவது மின்சாரத்துக்கு உள்ள தடை, மாறினால் குரலும் மாறும் என்று படம் போட்டுக் காட்டியதும் நீங்கள்தான். இருபத்திரண்டு வருஷமாகத் தொழிற்சாலையில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவனிடம் வந்து காயில் வேண்டும் என்று கேட்டால் அவன் சும்மா இருப்பானா? தலைமயிரைவிட மெல்லிய கம்பியில் ஐயாயிரம் சுற்று, மூன்று தடவை அறுந்து மூன்று தடவையும் முதலிலிருந்து சுற்றி, சுவிட்சோடு ஒரு சின்ன மரப்பெட்டிக்குள் வைத்து மூடினேன். கடைசியில் நம் வீட்டில் நீங்கள் வாசித்தபோது அந்தக் கிட்டார் பேசியதே, ஒரு பெரிய மனுஷர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசுகிற மாதிரி, தாயம்மாள்கூட அடுப்பை விட்டு எழுந்து வந்து நின்றாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் உங்களுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நான் செய்தது ஒன்றே ஒன்று. எங்கள் செக்‌ஷனில் ஒரு மோட்டாரைச் சுற்றி முடித்தால், சுற்றியவன் பெயரைத் தகட்டில் வெட்டி அதன்மேல் மாட்டுவது வழக்கம். அதன்படி உங்கள் பெட்டிக்கும் ‘கஜபதி, ஆவடி’ என்று ஒரு பித்தளைத் தகடு மாட்டினேன். அது குற்றமாகாது.

ஞாயிற்றுக்கிழமை திருமுல்லைவாயில் ஆடித் திருவிழா மேடையில், மைக்செட்காரன் சின்னப்பையன் தன் பெரிய டிரான்ஸ்பார்மரைக் கொண்டுவந்து நம் பெட்டிக்கு இரண்டு அடி பக்கத்தில் வைத்தான். அங்கேதான் வினை ஆரம்பம். உங்களைக் கேட்கவென்றே பட்டணத்திலிருந்து வந்த அந்தக் குழுவின் தலைவர் உலகநாதன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் முதல் கம்பியைத் தொட்டதும் உம்ம்ம் என்று ஒரு முழக்கம் கிளம்பியது. மோட்டார்க்காரன் காதுக்கு அது நல்ல சத்தம், பழுதில்லாமல் ஓடுகிறது என்று அர்த்தம். அதனால் கொஞ்ச நேரம் நான் சந்தோஷமாகவே தலையாட்டிக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குள் கூட்டத்தில் ஒருவன், “இன்னா மாமே, பம்பு செட்டு ஓடிக்கினே கீது, தண்ணி எங்க?” என்றான். மொத்தக் கூட்டமும் சிரித்தது. நான் மேடைக்குப் போய்ச் சின்னப்பையனைப் பிடித்து உன் செட்டில்தான் கோளாறு என்று சத்தம் போட்டேன். “பெர்சு, எங்க செட்டு ஒயுங்கா கீது. உன் பொட்டிய எடுத்து அப்பால வய்யி, அதான் கத்துது” என்றான். என் பெட்டியையா என்று அவன் சட்டையைப் பிடிக்கப் போய், கால் தடுக்கி, டோலக் மேல் விழுந்தேன். நான் எழுந்து பார்த்தபோது மூன்றாவது வரிசையில் நாற்காலி காலி. உலகநாதன் ரயிலுக்குப் போய்விட்டார்.

நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். கிட்டாரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, “மாமா, இனிமே இத நீங்களே வெச்சிக்குங்க, நான் தொடமாட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனீர்கள். கிட்டாரையும் ஆம்ப்ளிஃபயரையும் அந்தப் பெட்டியையும் சைக்கிளில் கட்டி ஆவடி வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் உங்கள் முகம்தான். என் தொழிலுக்கு இதைவிட அவமானம் வந்ததில்லை.

ஆகையால் மாப்பிள்ளை, சின்னப்பையன் செய்த தவற்றுக்காக நீங்கள் வாசிப்பதை விட்டுவிடக் கூடாது. நான் மேடைக்குக் கீழே உட்கார்ந்து தலையாட்டியதைத் தவிர வேறொன்றும் அறியேன். சீக்கிரம் வந்து புஷ்பாவையும் கிட்டாரையும் அழைத்துப் போகவும். அண்ணனுக்கும் அண்ணிக்கும் என் நமஸ்காரம். உங்களுக்கு எல்லா நலமும் உண்டாக அம்மனை வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
கஜபதி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் புஷ்பா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். கிட்டாரையும் ஆம்ப்ளிஃபயரையும் பெட்டியையும் சேர்த்து மாட்டினாள். என் வேலை மேஜையில் இருக்கும் டிரான்ஸ்பார்மரை ஓடவிட்டு, பெட்டியைப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தாள். உம்ம்ம் என்றது. பக்கவாட்டில் படுக்க வைத்தாள். டிரான்ஸ்பார்மரின் காந்தம் காயிலில் ஏறாமல் சத்தம் நின்றுபோயிற்று. “அப்பா, ஞாயித்துக்கிழம அவர் இத படுக்கத்தான வெச்சிருந்தாரு? யாரு நிமித்தி வெச்சாங்க?” என்று கேட்டாள்.

நான்தான் மாப்பிள்ளை. வாசிப்பதற்கு முன் பெட்டியைப் படுக்க வைத்து, இப்படியே இருக்கட்டும் மாமா என்று நீங்கள் சொல்லிவிட்டுத்தான் போனீர்கள். படுக்க வைத்தால் தகடு மேடைப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தது. உலகநாதன் கண்ணில் பட வேண்டும் என்று நான்தான் எழுந்துபோய்த் திருப்பி வைத்தேன்.

தகட்டைக் கழற்றிவிட்டேன். சின்னப்பையனை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்கப் போகிறேன். உலகநாதனுக்கும் இன்றைய தபாலில் ஒரு கடிதம் போகிறது. தவறு யாருடையது என்று முதல் வரியிலேயே எழுதி, கஜபதி, ஆவடி என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன்.